தானாத்தான்

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனிடம் ஜனங்கள் சொல்லும் பொய்யை வக்கீலிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். உறைந்துபோன ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்திருப்பார்கள். கத்தி முனை உள்ளே ஓடும் குழாயில் பட்டு, பொட்டு ஓட்டை விழுந்து, கேஸ் முழுக்க வெளியேறிய பிறகு கூப்பிடுவார்கள். போய் நின்றால், "நாங்க ஒண்ணுமே பண்ணலங்க, தானா நின்னுருச்சு" என்பார்கள். கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்து அலமாரியில் செருகியிருப்பார்கள்.

இவன் உடனே பெட்டியைத் திறக்க மாட்டான். ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி மாஜிஸ்திரேட் மாதிரி நிற்பான். "தானா எதுவும் நிக்காது. யார் கை வச்சீங்க, எதை வச்சு நோண்டினீங்க, அதை முதல்ல சொல்லுங்க. சொன்னா பத்து நிமிஷ வேலை. சொல்லலேன்னா நாள் பூரா தேடணும், அதுக்குள்ள கம்ப்ரஸரே போயிடும்" என்பான். அநேகமாக வீட்டில் யாராவது ஒருவர் முகம் தொங்கிப் போகும். உண்மை வெளியே வரும். அவனும் பெரிய மனுஷத்தனமாக மன்னித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பான்.

தெருவில் அவனுக்குக் 'கூலிங்' என்று பெயர். கடைப் பலகையில் அந்த ஒரு வார்த்தைதான் தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி இருந்தது. நல்ல வேலைக்காரன், கை சுத்தம், வாய் சுத்தம். ஒரே ஒரு குறை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். அந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அவன் நினைப்பே கிடையாது. நாலாவது ஆள் அவனுடைய அக்கா புருஷன்.

அத்தான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஏதோ மலையைக் குடைந்து அந்த நாலையும் கொண்டுவந்தவர் போல நடப்பார். கூலிங்குக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. குடும்பத்தில் பத்துப் பேர் கூடினால் போதும், அத்தான் ஆரம்பித்துவிடுவார். "எல்லாத்துலயும் கூலிங்காவே இருந்தா எப்படி மச்சான்? கொஞ்சம் சூடும் வேணும்ல!" எல்லோரும் சிரிப்பார்கள். கூலிங்கும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பான்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபிரேமின் காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்து மாட்டிவிட்டு, "இப்ப அழுத்துதா?" என்று கேட்பாள். முதல் தடவை எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவள் அந்தப் பதிலைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கழற்றி, மூக்கின் மேல் பதிந்த சிவப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வளைப்பாள். புருஷன் விஷயத்தில் மட்டும் அவளுக்கு இந்தப் புத்தி வேலை செய்யவில்லை. அவன் சொன்னதை அப்படியே நம்பினாள்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் இன்னொரு ஊரில் ஒரு கருத்தரிப்பு மையம் இருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் கம்பெனி பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டு இருவரும் அங்கே போனார்கள். பயிற்சி வகுப்புக்குப் பெண்டாட்டி எதற்கு என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றாதது அவன் அதிர்ஷ்டம். அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "உங்க மனைவிக்கு ஒரு குறையும் இல்ல. உங்க விந்தணு கவுண்ட்தான் ரொம்பக் கம்மி" என்றார். அவன் மூன்று தடவை மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னான். மூன்று தடவையும் அதே பதில். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னான்: "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அத்தான் காதுக்குப் போனா நான் தூக்குல தொங்க வேண்டியதுதான்."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள் அவள்.

சொல்லவில்லைதான். மலடி என்று மாமியார் ஜாடையாகவும் நேராகவும் பேசிய பேச்சையெல்லாம் அவனுக்காக அவளே வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவன் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் வயிற்றில் தினமும் ஊசி ஏறியது. முட்டைகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒற்றை விந்தணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கினார்கள். டாக்டரம்மா ஒரு கருவை வைத்தால் போதும் என்றார். "ரெண்டா வைங்க டாக்டர். ஏழு வருஷத்துக்கு வட்டி வேணாமா?" என்று இவன் அத்தான் பாணியில் ஒரு ஜோக் அடித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அபாயங்களை எடுத்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி, இரண்டை வைத்தார். பிறகு ஒரு பச்சை அட்டையை அவள் கையில் கொடுத்தார்.

"இது உங்க பையிலேயே இருக்கணும். எந்த ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க. சிகிச்சைல உண்டானது, ரெண்டு கரு வச்சிருக்குன்னு சொல்லணும். தெரியாதவங்க ஒண்ணை மட்டும் பார்த்துட்டு விட்டுடுவாங்க."

அவள் அட்டையைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தாள். மாமியாருக்குத் தலைவலி மாத்திரை தேடுகிற சாக்கில் மருமகளின் பையைத் துழாவும் பழக்கம் உண்டு. அதனால் மறுநாளே அவன் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். மூலையில் கிடந்த செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்றின் கதவில், முட்டைத் தட்டுக்கு அடியில் செருகி வைத்தான். உலகத்திலேயே பத்திரமான இடம் அது என்று நினைத்துக்கொண்டான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உண்டாகியிருந்தாள். அம்மா அழுதாள், மருமகளை முதல் தடவையாகக் கட்டிப்பிடித்தாள், பிறகு மகனைப் பார்த்து, "எந்த டாக்டர்டா? எந்தக் கைராசிக்காரர்?" என்று கேட்டாள்.

"டாக்டரா? எதுக்கு?" என்றான் அவன். "தானாத்தான்மா."

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை நாக்கில் சர்க்கரைக் கட்டியாக இனித்தது. அன்று மாலை அத்தானுக்கு அவனே ஃபோன் போட்டான். ஃபோனில் இன்னொரு தடவை, அத்தான் நேரில் வந்தபோது இன்னொரு தடவை, எதிர்க்கடைக்காரரிடம் இரண்டு தடவை. ஏழு வருஷமாகக் கூனியிருந்த முதுகு ஒரே வாரத்தில் நிமிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, மச்சான் மெதுவா ஸ்டார்ட் ஆகுற வண்டி" என்று அத்தானே ஊரெல்லாம் சொன்னார்.

முதல் ஸ்கேனுக்கு மட்டும் எப்படியோ மையத்துக்குப் போய் வந்தார்கள். கர்ப்பப்பையில் ஒரு கரு தெரிந்தது. "இன்னொண்ணு தங்கலையா, இல்ல வேற எங்கயாவது இருக்கான்னு இப்ப சொல்ல முடியாது. பத்து நாள்ல கட்டாயம் வந்துடுங்க" என்றார் டாக்டரம்மா. பத்தாவது நாள் வந்தபோது, பஸ் குலுக்கலில் மருமகளை அனுப்பவே முடியாது என்று அம்மா கதவை மறித்தாள். என்ன வகுப்பு, எதற்கு அவள், என்று இந்தத் தடவை கேள்வியும் வந்தது. அம்மாவை எதிர்த்துக் கூட்டிப் போக வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றான்.

"வலது பக்கம் அடிவயித்துல சுருக்குன்னு இழுக்குதுங்க" என்றாள் அவள், பன்னிரண்டாம் நாள்.

"வளருதுல்ல? இழுக்கத்தான் செய்யும்."

இதை அவன் எந்தப் புத்தகத்தில் படித்தான் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அக்காவும் அத்தானும் பிள்ளைகளுமாக வீடு நிறைந்திருந்தபோது, சமையலறையில் அவள் பாத்திரத்தோடு சரிந்தாள். முகம் வெளுத்து, நெற்றி முழுக்க வேர்வை. வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். அத்தான் கார் வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான், அதையும் சொல்ல வேண்டும். தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அம்மா மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் ஒரே ஒரு டாக்டர். சின்ன வயசு, மூக்கில் வழுக்கி வழுக்கி இறங்கும் கண்ணாடி. நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், திரையை இழுத்துவிட்டு வெளியே வந்து பேனாவை எடுத்தார்.

"எத்தனை வாரம்?"

"ஏழு."

"முன்னாடி எப்பவாவது உண்டாகி இருக்காங்களா?"

"இல்ல."

"கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?"

"ஏழு வருஷம்."

பேனா நின்றது. அந்தச் சின்ன டாக்டர் முட்டாள் இல்லை. தலையைத் தூக்கி இவன் முகத்தைப் பார்த்தார். "ஏழு வருஷமா இல்லாம இப்பதானா? குழந்தைக்காக சிகிச்சை ஏதாவது எடுத்தீங்களா? ஊசி, டெஸ்ட் டியூப், அந்த மாதிரி?"

கூலிங்கின் முதுகுக்குப் பின்னால் அத்தான் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் கேட்டது. அவன் அந்த நேரத்தில் பெண்டாட்டியை நினைக்கவில்லை, அவள் வயிற்றில் இருந்ததை நினைக்கவில்லை. அத்தான் நாளைக்கு என்ன ஜோக் அடிப்பார் என்று நினைத்தான். 'அப்ப டாக்டர் போட்ட பிள்ளையா மச்சான்?' ஊர்க் கல்யாணம் முழுக்க அந்த ஜோக் ஓடும். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் ஓடும். வீடு வீடாக நின்று உண்மையைப் பிடுங்குகிறவன், தன் முறை வந்ததும் கத்தியைக் கழுவி அலமாரியில் வைத்தான்.

"இல்ல டாக்டர். தானாத்தான்."

"எங்க மச்சான் வைத்தியத்தையே நம்பாதவன் டாக்டர்" என்று அத்தான் பெருமையாக எடுத்துக் கொடுத்தார்.

டாக்டருக்கு மனசு சமாதானம் ஆகவில்லை. திரையை விலக்கி உள்ளே போய் அவளிடமே கேட்டார். "அம்மா, உங்களைத்தான். சிகிச்சை எடுத்து உண்டானதா, தானா உண்டானதா?" தலைமாட்டில் மாமியார் நின்றிருந்தாள். மருமகள் கண்ணைத் திறந்து, திரையின் இடைவெளியில் புருஷனைத் தேடினாள். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்ற ஆட்டல். ஒரு விரற்கடைகூட அசைந்திருக்காது. ஏழு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும்.

"தானாத்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிறிய ஸ்கேன் இயந்திரத்தை உருட்டி வந்தார்கள். திரையில் ஒரு நெல்லளவுப் புள்ளி துடித்தது. அதைப் பார்த்ததும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரும் பெருமூச்சு விட்டார். "நான் பயந்தது வேற. கரு கர்ப்பப்பைக்கு வராம குழாய்லயே தங்கிட்டா இப்படித்தான் வலிக்கும். ஆனா இது சரியா கர்ப்பப்பைக்குள்ளயே இருக்கு, துடிப்பும் இருக்கு. தானா உண்டான கர்ப்பத்துல உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இருக்கறது பல ஆயிரத்துல ஒண்ணு. வயித்துல கொஞ்சம் நீர் தெரியுது. சினைப்பைல நீர்க்கட்டி உடைஞ்சிருக்கும். படுக்க வச்சுப் பார்ப்போம்."

பல ஆயிரத்தில் ஒன்று என்பது கூலிங்கின் காதில் நன்றாக விழுந்தது. தன் பெண்டாட்டி அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது அங்கே நின்றவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பச்சை அட்டையைக் கொடுத்த டாக்டரம்மாவின் குரலும் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் படித்த டாக்டரே மிஷின் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். அவன் கேட்க விரும்பியதை அவனுக்குச் சொல்ல அவனைவிட நல்ல ஆள் அங்கே யார் இருந்தார்கள்?

அவளை மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் போட்டு டிரிப் ஏற்றினார்கள். வலி ஊசியில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாள். அம்மா வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சாப்பாடு பார்க்கப் போனாள். இரண்டு மணிக்கு மனைவி விழித்தாள்.

"என்னங்க, தோள்பட்டை வலிக்குது."

"ஒருக்களிச்சுப் படுத்தேல்ல, அதான்."

"இல்லங்க. உள்ளேருந்து வலிக்குது. மூச்சு இழுத்தா குத்துது." அவன் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. "அந்த அட்டையைப் பத்திச் சொல்லிடுங்க. எனக்கு என்னமோ சரியாப் படல. ரெண்டு வச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க. உங்களைப் பத்திச் சொல்ல வேண்டாம், என்கிட்ட குறைன்னே சொல்லிக்குங்க."

அந்த நிலைமையிலும் அவனுக்கு ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்தாள், பாருங்கள். வேறொருவனாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையிலேயே செத்திருப்பான். கூலிங் அவள் கையை மெல்லக் கட்டிலில் வைத்தான். "சொல்லிட்டு வரேன்" என்று எழுந்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தானை டீ வாங்கிவர அனுப்பினான். அவர் படியிறங்கும் வரை பார்த்துவிட்டு நர்ஸ் மேஜைக்குப் போனான். உண்மையிலேயே சொல்லத்தான் போனான். அது வரைக்கும் அவனை நம்பலாம்.

மேஜையில் இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "அட, கூலிங் அண்ணன்! நம்ம வார்டுலதான் அண்ணி இருக்காங்களா? சொல்லவே இல்ல! ஊரெல்லாம் பேச்சு, ஏழு வருஷம் கழிச்சுன்னு. எங்க வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம்."

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். போன கோடையில் அவள் வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றியவன் இவன்தான். அவள் வாயில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருவே மென்று துப்பிவிடும்.

"என்ன அண்ணே, எதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான். "ஃபிரிட்ஜ் எப்படி ஓடுது?"

ஜம்மென்று ஓடுவதாக அவள் சொன்னாள். அவன் திரும்பி வந்தான். கட்டிலில் அவள் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. வந்து பார்க்கறேன்னாரு. பயப்பட ஒண்ணுமில்லையாம். நீ பேசாம படு."

அவள் முகம் அப்படியே இளகிவிட்டது. அவன் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, "அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட முனகவில்லை. டாக்டருக்குத் தெரியும், பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸ் வந்து, "வலி எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டபோதுகூட, "பரவால்ல, தாங்கிக்கலாம்" என்றாள். நர்ஸ் அதையே தாளில் எழுதினாள். மூன்று மணி, மூன்றரை, நாலு. அத்தான் டீயோடு வந்தார், குடித்தார்கள்.

ஐந்தே காலுக்கு அவள் கண் செருகியது. கூப்பிட்டால் பதில் இல்லை. உதடு காகிதமாக வெளுத்திருந்தது. நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றினாள், மறுபடி சுற்றினாள், பிறகு ஓடினாள். தகவல் போய், அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா வீட்டிலிருந்து வந்தார், கையில் இன்னும் கார் சாவி. வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. அது பலகை போல இறுகியிருந்தது. விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்து கூலிங்கின் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார்.

"உள்ள ரத்தம் நிறைஞ்சு கிடக்கு. ஒரே ஒரு தடவை கேட்பேன். இது தானா உண்டானதா?"

அத்தான் கழிவறைக்குப் போயிருந்தார். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஆமாம், அப்போதும் பார்த்தான்.

"இல்ல டாக்டர். சிகிச்சை. ரெண்டு கரு வச்சாங்க."

டாக்டரம்மா தியேட்டரைத் திறக்கச் சொல்லி நர்ஸுக்குக் கை காட்டினார். "ரெண்டாவது குழாய்ல இருக்கு. வெடிச்சிருச்சு. சிகிச்சைன்னா நாங்க அதைத் தேடிப் பார்த்திருப்போம். காலைல பத்தரைக்கு எங்க ஆளு உங்களைக் கேட்டிருக்கார்."

"டாக்டர்... இதை வெளியில யார்கிட்டயும்..."

"நான் ஏன்யா சொல்றேன்" என்றார் அவர், ஆபரேஷன் தியேட்டரை நோக்கி நடந்துகொண்டே. "அது உங்க மானம்."

பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். வலது கருக்குழாயை எடுத்தார்கள். அவள் பிழைத்தாள். கர்ப்பப்பைக்குள் இருந்த நெல்லளவு உயிர் அவ்வளவு தூரம் தாங்கவில்லை. மறுநாள் காலை ஸ்கேனில் துடிப்பு இல்லை. அதையும் சுத்தம் செய்து எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு இருந்த வயிறு, ஒரு நாளில் ஒன்றுமில்லாமல் போனது.

நாலாவது நாள் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து தையலைப் பார்த்தார். இடது குழாய் நன்றாக இருக்கிறது, அவள் உடம்பில் வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டர், ஒண்ணே ஒண்ணு. என் வீட்டுக்காரர் சிகிச்சை விஷயத்தை எப்ப சொன்னார்?" என்று கேட்டாள்.

"அஞ்சரை மணி இருக்கும். என்கிட்டதான் சொன்னார்."

"ரெண்டு மணிக்குச் சொல்லலையா?"

"யார்கிட்ட? அப்படிச் சொல்லியிருந்தா நீங்க ரெண்டேகாலுக்கே தியேட்டர்ல இருந்திருப்பீங்க."

கூலிங் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், ஃபிளாஸ்க்கைப் பிடுங்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். ஏதாவது ஒன்று செய்யக் கூடாதா என்று அவனுக்கே இருந்தது. அவள் டம்ளரை நீட்டினாள். ஊற்றினான். குடித்தாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அம்மா, அக்கா, அத்தான் மூன்று பேரும் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கரு, ஒன்று உள்ளே, ஒன்று குழாயில் என்பதுதான். அத்தான் ஊரெல்லாம் விசாரித்திருந்தார். கூலிங்கை வராந்தாவுக்கு இழுத்து வந்து தோளில் கையைப் போட்டார். "நடந்தது நடந்துபோச்சு. ஆனா மச்சான், உன்னைப் பத்தித்தான் ஆபீஸ்ல ஒரே பேச்சு. தானா ஒரே நேரத்துல ரெண்டு! பல ஆயிரத்துல ஒருத்தருக்குத்தானாமே! நான் நாலு பெத்தவன், எனக்கே அது வாய்க்கல. இனிமே உன்னைக் கூலிங்னு கூப்பிட்டா என் வாய் வெந்துடும்."

அதைக் கேட்டு ஒரு கணம், ஒரே ஒரு கணம், கூலிங்கின் நெஞ்சுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் ஜோடித்துச் சொல்லவில்லை. இரண்டும் போய், பெண்டாட்டி வயிற்றில் தையலோடு உள்ளே கிடக்கும்போது, அந்த மனுஷனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே அம்மா மருமகளின் காதில் விழும்படியே மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "குழாய் யாரோடது? அவளோடது. என் பிள்ளை ரெண்டு கொடுத்தான், வச்சுக்கத் தெரியல."

அக்கா கொஞ்சம் இரக்கமுள்ளவள். "விடும்மா. இப்பல்லாம் இதுக்குன்னே சென்டர் இருக்கு. ரெண்டு பேரும் போய் ஒரு தடவை காட்டிட்டு வரட்டுமே. ஊசி மருந்துன்னு ஏதாவது கொடுப்பாங்க" என்றாள்.

அத்தானோடு கூலிங் அப்போதுதான் உள்ளே நுழைந்தான். அக்கா தன்னை அறியாமல் அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தாள். மனைவி மேல் குறை என்ற பெயரிலேயே மறுபடி அந்த மையத்துக்குப் போகலாம், யாரிடமும் ஒளிக்கவும் வேண்டாம். "ஆமாக்கா, நானும் அதைத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"எதுக்கு அண்ணி?" என்றாள் மனைவி.

குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு ஊசி எதுக்கு? இன்னொரு குழாய் நல்லா இருக்கு, உடம்புல வேற குறை ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. உங்க தம்பிக்கும் குறை இல்ல, தானா ரெண்டு கொடுத்தவர். அப்புறம் எந்த டாக்டர் வேணும்? இனிமே என் உடம்புல குழந்தைக்காக ஒரு ஊசி ஏற விட மாட்டேன். முதல் தடவை எப்படித் தானா உண்டாச்சோ, அப்படியே உண்டாகட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் நான் காத்திருக்கேன். அத்தை, நீங்களும் மாசாமாசம் என்னைக் கேட்காதீங்க. அவரைக் கேளுங்க."

"அப்படிச் சொல்லு!" என்றாள் அம்மா. மருமகள் இவ்வளவு நியாயமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "மூணு மாசம் உடம்பைத் தேத்து. அப்புறம் என் பிள்ளை பார்த்துப்பான். மாசாமாசம் நான் அவனைத்தான் கேட்பேன்."

"நானும் கேட்பேன்" என்றார் அத்தான், சிரித்துக்கொண்டே.

 தன் ரிப்போர்ட்டை மூன்று தடவை பார்த்தவன் கூலிங். தானாக எதுவும் ஆகப் போவதில்லை, அடுத்த மாசமும் ஆகாது, அடுத்த வருஷமும் ஆகாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி வாயைத் திறக்கப் போவதில்லை. இப்போது, இந்த இடத்தில், நாலு பேர் முன்னால் உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். வாயைத் திறந்தான்.

"என்னடா?" என்றாள் அம்மா.

அத்தான் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். அக்கா பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, துக்கம்கூட இல்லை.

"சொல்லுங்க" என்றாள். "என்னமோ சொல்ல வந்தீங்களே."

"ஒண்ணுமில்ல" என்றான் அவன்.

ஃபிளாஸ்க்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது, பிடித்து வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வெளியே போனான்.